நீரா, சீழா என்று தெரியாத நாட்கள்

என் வயிற்றைப் பற்றி ஊரில் யாரும் இதுவரை நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஸ்கூடாயில் நான் ஓட்டும் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறும் பெண்கள், "அண்ணே, உங்களுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவுல இன்னொரு ஆளு உக்காந்திருக்காரா?" என்று கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபங்களில் மைக் பிடிப்பது என் உபதொழில். அங்கேயும் முதல் வேடிக்கை என் வயிறுதான். மாப்பிள்ளை வீட்டாரைக் கிண்டல் செய்தால் அடி விழும். என் வயிற்றைக் கிண்டல் செய்தால் கைதட்டல் விழும். இத்தனை வருடம் எனக்குக் கைதட்டல் வாங்கிக்கொடுத்த வயிறு, கடைசியில் என்னிடமே ஒரு கணக்கைத் தீர்த்துக்கொண்டது.

இப்போது வீட்டில் இருக்கிறேன். பஸ் ஓட்ட இன்னும் அனுமதி வரவில்லை. யாராவது ஒரு டாக்டர் உங்கள் ஸ்கேன் படத்தைக் காட்டி, "உள்ளே கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது, அது எப்படிப்பட்ட தண்ணீர் என்று இன்னும் தெரியவில்லை" என்று சொன்னால், அந்த 'இன்னும் தெரியவில்லை'க்குள் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாம் குடல்வாலில் ஆரம்பித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வர வேண்டிய நோய், தாத்தா ஆகும் வயதில் எனக்கு வந்தது. வாயு என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் மாரடைப்பைத் தவிர மற்ற எல்லாமே வாயுதான். சோடா குடித்தேன், இஞ்சி குடித்தேன், கவிழ்ந்து படுத்தேன். குடல்வால் பொறுத்துப் பார்த்துவிட்டு வெடித்தது. அரசாங்க மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து, உள்ளே கழுவி, தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தேன். பிறகு அடிவயிற்றில் ஒரு கனம், சாயங்காலம் ஆனால் ஒரு குளிர். திரும்பவும் அதே மருத்துவமனை, அதே வார்டு. "என்சிக், மறுபடியுமா?" என்று மிஸ்ஸி கேட்டாள். எங்கள் ஊரில் மரியாதைக்கு ஆணை என்சிக் என்பார்கள், பெண்ணைப் புவான் என்பார்கள்; நர்ஸை மட்டும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். "உங்க கஞ்சி ருசி இழுத்துட்டு வந்துருச்சு," என்று மலாயில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அந்தக் கஞ்சியை அவளும் சாப்பிட்டிருப்பாள் போல.

சிடி ஸ்கேன் எடுத்தார்கள். மறுநாள் டாக்டர் ஹஸ்லினா படத்தைக் கொண்டுவந்து காட்டினார். சின்ன உருவம், மெதுவான குரல். மலாயும் ஆங்கிலமுமாக அவர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

"இதோ, இங்கே ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு இப்படித் தேங்குவதுண்டு. வெறும் நீராக இருந்தால் உடம்பே மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். கிருமி சேர்ந்து சீழாகியிருந்தால் வெளியே எடுத்தே ஆக வேண்டும்."

"எதுன்னு படத்துல தெரியலையா டாக்டர்?"

"தண்ணீர் இருப்பது படத்தில் தெரியும். அதன் குணம் எப்போதும் தெரியாது."

சுற்றிலும் தடித்த சுவர் கட்டியிருந்தால், உள்ளே காற்றுக் குமிழ்கள் இருந்தால், சீழ் என்று சந்தேகிப்பார்களாம். என்னுடையதில் குமிழ் இல்லை. சுவர் மட்டும் கொஞ்சம் தடித்த மாதிரியும் இருந்தது, தடிக்காத மாதிரியும் இருந்தது. என் வயிற்றுக்குள் இருந்தது என்னைப் போலவே பிடிகொடுக்காத பேர்வழி.

அப்படியானால் ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்துவிடலாமே என்று கேட்டேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். சுற்றிலும் குடல் இருக்கிறது. சுத்தமான நீராக இருந்து, நாம் ஊசி குத்தி, அந்த ஊசியே கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடவும் கூடும். அதனால் அவசரம் இல்லையென்றால் முதலில் கவனிப்பார்களாம். காய்ச்சல் வருகிறதா, நாடி வேகமாக ஓடுகிறதா, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏறுகின்றனவா. சிஆர்பி என்று இன்னொரு சோதனை. உடம்பில் எங்கேயோ நெருப்பு இருக்கிறது என்று காட்டுகிற புகை மாதிரி அது. எங்கே என்று சொல்லாது, இருக்கிறது என்று மட்டும் சொல்லும். இதற்கிடையில் கிருமிக்கொல்லி மருந்து கையில் ஏறிக்கொண்டே இருக்கும்.

காய்ச்சலைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக, அதுவரை வார்டில் கொடுத்துவந்த பனடோல் காய்ச்சல் மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். மாத்திரை நின்றது எனக்குத் தெரியும். ஏன் நின்றது என்பது அப்போது தெரியாது. நானும் கேட்கவில்லை. ஓர் அறை முழுக்க ஆட்களைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவனுக்கு ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை.

என் மனைவி சாந்தி, வேலை முடிந்து சாயங்காலப் பார்வை நேரத்துக்கு வருவாள். சரியாக அந்த நேரத்தில்தான் எனக்குக் குளிர் தொடங்கும். பல் கிட்டும். பக்கத்துக் கட்டில் சீனப் பெரியவர் தன் போர்வையையும் எடுத்து நீட்டுவார்.

"என்னங்க, இப்படி நடுங்குறீங்க? மிஸ்ஸிகிட்ட மாத்திரை கேட்டீங்களா?"

"கேட்டேன். டாக்டர் எழுதலையாம்."

"எழுதலையா? ரெண்டு பனடோலுக்கு எழுத வேற செய்யணுமா? நல்ல ஆஸ்பத்திரிதான் போங்க."

நம் பெண்களின் கைப்பையை உங்களுக்குத் தெரியும். ஒரு மடிப்பில் விபூதி, ஒரு மடிப்பில் மருந்தெண்ணெய், ஒரு மடிப்பில் பனடோல். பிள்ளைக்குப் பரீட்சை என்றாலும் அதுதான், மாமியாருக்கு முழங்கால் என்றாலும் அதுதான். நெற்றியில் விபூதி பூசி, பாதத்தில் எண்ணெய் தேய்த்து, என் வாயில் இரண்டு மாத்திரையைப் போட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த சுடுதண்ணீரைக் கொடுப்பாள். கொஞ்ச நேரத்தில் உடம்பு வேர்த்துக் குளிர் இறங்கிவிடும். அந்த மருத்துவமனையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சுகம் அதுதான். பிறகு மிஸ்ஸி வந்து காய்ச்சல் பார்க்கும்போது நான் நல்ல பிள்ளையாகப் படுத்திருப்பேன். "பாகுஸ், நல்லது," என்று எழுதிக்கொண்டு போவாள். ஒவ்வொரு சாயங்காலமும் இப்படியே.

டாக்டருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "ரத்தத்தில் புகை குறையவில்லை. ஆனால் காய்ச்சல் இல்லை. உங்கள் ரத்தம் ஒரு கதை சொல்கிறது, உங்கள் உடம்பு வேறு கதை சொல்கிறது," என்றார்.

"எங்க வீட்டுலயும் அப்படித்தான் டாக்டர், ஆளுக்கு ஒரு கதை," என்றேன். அவர் சிரித்தார். நான் ஜெயித்ததாக நினைத்தேன்.

இந்த நாட்களில் லாபிஸில் இருந்த என் அம்மாவுக்கு நான் ஆஸ்பத்திரியில் இருப்பது தெரியாது. அண்ணன் வீட்டில்தான் அம்மா இருந்தார். அண்ணனுக்கு அங்கே கொஞ்சம் செம்பனைத் தோட்டம். அம்மா படுக்கையோடு படுக்கையாகி மாதக்கணக்கு ஆகிவிட்டது. சொல்ல வேண்டாம் என்று நானும் அண்ணனும் பேசி வைத்திருந்தோம். ஒரு நாள் அண்ணன் போனை அம்மா காதில் வைத்தார்.

"ஏன்டா சாமி, ரெண்டு ஞாயிறா ஆளையே காணோம்?"

"மண்டபத்துல கல்யாணம்மா."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அந்தப் பொண்ணு பாவம்டா," என்றார். அண்ணன் பின்னால் சிரிப்பது கேட்டது. அம்மாவிடம் நான் பேசியது அதுதான் கடைசி.

ஒரு காலையில், கஞ்சித் தட்டு வருவதற்கு முன்னால், போன் அடித்தது.

"தம்பி," என்றார் அண்ணன். எப்போதும் 'டேய்' என்றுதான் ஆரம்பிப்பார். 'தம்பி' என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எப்பண்ணே?"

"இப்பத்தான்டா. தண்ணி கேட்டிச்சு. எடுத்துட்டு வரதுக்குள்ள..." பிறகு சொன்னார், "சாயந்திரத்துக்குள்ள எடுக்கணும்கிறாங்க. நீ வந்தாத்தான்டா எடுப்போம்."

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பாவுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பான், அம்மாவுக்குக் கடைசி மகன். அப்பாவுக்கு அண்ணன் செய்துவிட்டார். அம்மா என் பங்கு. கடைக்குட்டி உயிரோடு இருக்கும்போது வேறு கை அந்த நெருப்பைத் தொட்டால், அம்மா அவனைத் தேடிக்கொண்டே போவாள் என்பார்கள். உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று காலை அதை நம்பாமல் இருக்க எனக்குத் தைரியம் இல்லை.

சாந்தி விடுப்புச் சொல்லிவிட்டு ஓடி வந்தாள். என் வெள்ளை வேட்டியையும் கொண்டுவந்திருந்தாள். டாக்டர் ஹஸ்லினா வந்தபோது நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"டாக்டர், என் அம்மா இறந்துட்டாங்க. இன்னைக்கு ஒரு நாள் என்னை விடணும். போயிட்டு ராத்திரிக்குள்ள திரும்பிடுறேன்."

அவர் கட்டில் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எவ்வளவு தூரம்?"

"லாபிஸ். காரில் ரெண்டு மணி நேரம்தான்."

காய்ச்சல் எழுதிய தாளைப் புரட்டினார். நீண்ட நேரம் பார்த்தார். "ரத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இத்தனை நாளாகக் காய்ச்சல் ஒரு தடவைகூட ஏறவில்லை. அது வெறும் நீராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். காய்ச்சல் இல்லை என்ற ஒரே காரணத்தால்தான் யோசிக்கிறேன். மாத்திரை தருகிறேன். நேராகப் போய், நேராக வர வேண்டும்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேட்டிக்காகத் திரும்பினேன். சாந்தி வேட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"டாக்டர்," என்றாள். "அவருக்குக் காய்ச்சல் இல்லாம இல்ல."

"சாந்தி, வாயை மூடு," என்றேன் தமிழில்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தெரிந்த மலாயில் டாக்டரிடம் மட்டும் சொன்னாள். "தினமும் சாயந்திரம் நடுங்குவாரு. நான்தான் பனடோல் குடுத்தேன். தினமும். தப்புன்னு தெரியாது. பாவமா இருந்துச்சு, குடுத்துட்டேன்."

டாக்டர் திட்டவில்லை. தாளை மூடி மடியில் வைத்தார். "புவான், சொன்னதற்கு நன்றி," என்றார். பிறகு என்னிடம், "என்சிக், இப்போது உங்களை நான் அனுப்ப முடியாது," என்றார்.

கெஞ்சினேன். அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். இனிக் காத்திருப்பதில் அர்த்தமில்லை, இன்றே ஊசி போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். வயிற்றுக்கு மேல் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியை உள்ளே செலுத்தி, கொஞ்சம் உறிஞ்சுவார்கள். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க அதை வளர்த்துப் பார்க்கச் சில நாள் ஆகும். ஆனால் நீரா, சீழா என்று பெரும்பாலும் வெளியே வரும்போதே கண்ணுக்குத் தெரிந்துவிடும். "தெளிவாக வந்தால், அங்கிருந்தே உங்களைப் போகவிடுகிறேன்."

அண்ணனுக்குச் சொன்னேன். "எவ்வளவு நேரம் ஆனாலும் எடுக்காம வச்சிருக்கேன்டா," என்றார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே தள்ளுக்கட்டிலில் காத்திருந்தேன். அந்த வராந்தாவில் எல்லாருடைய கண்ணும் அந்த ஒரு கதவில்தான். சாந்தி என் கால்மாட்டில் நின்றாள். நான் அவளோடு பேசவில்லை. கூரையைப் பார்த்தபடி ஒரே பிரார்த்தனைதான். எத்தனையோ கோயில் திருவிழாக்களுக்கு பஸ் ஓட்டியிருக்கிறேன், எந்தச் சாமியிடமும் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. சாமி, தே ஓ வரட்டும். பாலில்லாத தேநீரை எங்கள் ஊர்க் கடைகளில் தே ஓ என்போம். அந்த நிறத்தில் வந்தால் லாபிஸ். பால் கலந்த நிறத்தில் வந்தால் கட்டில்.

உள்ளே மரத்துப்போகும் மருந்து குத்தி, ஊசியைச் செலுத்தினார்கள். வலி பெரிதாக இல்லை. உள்ளே எதையோ தேடும் ஓர் அழுத்தம், அவ்வளவுதான். பார்க்க வேண்டாம் என்றார்கள். பார்த்தேன். ஊசிக்குழலில் மெதுவாக ஏறியது. கலங்கல். பால் கலந்த நிறம். பிறகு வாடை. யாரும் எனக்கு விளக்க வேண்டியதே இல்லை.

அங்கேயே ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு, வெளியே ஒரு பையில் இணைத்தார்கள். சீழ் வடிய வடிய வயிற்றின் கனம் இறங்கியது. நெஞ்சின் கனம் ஏறியது.

வார்டுக்குத் திரும்பி அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, சீழு. என்னால வர முடியாது."

பின்னால் பறை கேட்டது. யாரோ அழுதார்கள்.

"நாளைக்கு வரைக்கும் வச்சுப் பாப்போமாடா? ஐஸ் பெட்டி கேட்டுப் பாக்குறேன்."

"நாளைக்கும் விடமாட்டாங்க. அம்மாவ அதுல போட்டு வைக்காதீங்கண்ணே. அதுக்குக் குளிரு ஆகாது."

"கடைக்குட்டி நீ இருக்கிறப்ப நான் எப்படிடா கைய வைக்கிறது?"

"நீங்களே செஞ்சிடுங்க. நான் சொல்றேன். செஞ்சிடுங்க."

அண்ணன் மகன் வீடியோவில் காட்டவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கக் குழாய் விடவில்லை. மல்லாந்தே கிடந்தேன். பக்கத்துக் கட்டில் பெரியவர் எழுந்து வந்து, எனக்கும் வார்டுக்கும் நடுவே இருந்த திரையை இழுத்துவிட்டுப் போனார்.

திரைக்குள் நானும் சாந்தியும் மட்டும்.

"நீ வாயத் திறக்காம இருந்திருந்தா நான் இந்நேரம் அங்க இருப்பேன்," என்றேன்.

"ஆமா, இருந்திருப்பீங்க."

"எங்கம்மாடி அது."

"தெரியும்." அவள் வேட்டியை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். "மாத்திரை குடுத்ததும் நான்தான், காட்டிக்குடுத்ததும் நான்தான். திட்டணும்னா திட்டுங்க. எத்தனை வருஷம் வேணாலும் திட்டுங்க. உயிரோட இருந்து திட்டுங்க."

கொஞ்ச நேரம் கழித்து என் காலில் மருந்தெண்ணெய் தேய்த்தாள். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் குளிர் வந்தபோது அவள் கைப்பையைத் திறக்கவில்லை. மிஸ்ஸியைக் கூட்டிவந்து, "பாருங்க, நடுங்குறாரு, இப்ப எழுதுங்க," என்றாள்.

சில நாளில் கிருமியின் பெயர் தெரிந்தது. எனக்கு ஏறிக்கொண்டிருந்த மருந்துக்கு அது பயப்படாத ஜாதியாம். மருந்தை மாற்றினார்கள். குளிர் நின்றது, ரத்தத்தில் புகை குறைந்தது. அன்று போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். வடியாமல் இருந்தால் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம், வழியிலேயே மயங்கியிருக்கலாம் என்றார். பிறகு, "உறுதியாக யாராலும் சொல்ல முடியாது," என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். இன்றுவரை அதுதான் என்னைத் தின்கிறது. ஒருவேளை ஒன்றுமே ஆகியிருக்காதோ? இதை சாந்தியிடம் நான் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் இப்போது அது படுத்திருக்கிறது.

அஸ்தி கரைத்த பிறகு ஒரு மதியம் அண்ணன் வந்தார். வாசலில் நின்றவரை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. மொட்டைத்தலை, மீசை இல்லை. தோளில் ஒரு துண்டு.

"துக்கம் கழியிறதுக்குள்ள யார் வீட்டுக்கும் போகக்கூடாதும்பாங்க," என்றார். "ஆஸ்பத்திரி யார் வீடும் இல்லையேன்னு வந்துட்டேன்."

கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பையில் வடிவதைப் பார்த்தார். "இதுதானா அது?"

"இதுதான்."

"இவ்வளவு பொல்லாததா வச்சிருந்தியேடா உள்ள."

சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. அவர் துண்டின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"பயமாத்தான்டா இருந்துச்சு. எனக்கு உரிமை இல்லாத காரியம். பூசாரி கொள்ளிய நீட்டுறாரு, வாங்காம நின்னேன். அப்புறம் குனிஞ்சு அம்மாகிட்ட சொன்னேன். எம்மா, அவனால வர முடியல. கோவிச்சுக்காத. இன்னைக்கு ஒரு நாளு நான்தான் உன் கடைசிப் புள்ளைன்னு நெனச்சுக்க. அவன் பெரியவனா இருந்துட்டுப் போகட்டும்னு."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த மொட்டைத்தலையில் கை வைத்தேன். சொரசொரப்பாக இருந்தது, சூடாக இருந்தது. அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அறுபதை நெருங்கும் மனிதர், பார்வை நேரத்தில் ஆட்கள் போய் வரும் வார்டில், வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார்.

"அப்ப நான் அண்ணனா?" என்றேன்.

தலையை ஆட்டினார்.

"அண்ணன் சொன்னா கேக்கணும். அழாதடா."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க மொதல்ல அழுகைய நிறுத்துங்கண்ணே," என்றார்.